புதிய செல்போன் உங்களுக்குத் தேவையா? முடிவெடுக்கும் முறை

ஒரு செல்போன் மனிதருக்கு எவ்வளவு முக்கியம் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. அவர் வாங்கப்போவது முதல் போனா, அடுத்த போனா என்பதைப் பொறுத்து விடை மாறும். போனே இல்லாதவர் கைக்கு ஒரு போன் வரும்போது அவர் பிழைப்பே மாறிவிடக்கூடும். நன்றாக இயங்கும் போனைக் கொடுத்துவிட்டு இந்த ஆண்டு வந்த மாடலை வாங்குபவரின் அன்றாடத்தில் பெரும்பாலும் எதுவும் மாறுவதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் பல குடும்பங்கள் தேவையற்ற தவணைகளைச் சுமக்கின்றன. அதே வீட்டில் உண்மையிலேயே போன் தேவைப்படுபவர் போன் இல்லாமலே இருக்கிறார். உங்களுக்கும் உங்கள் வீட்டுக்கும் இப்போது புதிய போன் வேண்டுமா என்று நிதானமாக முடிவு செய்ய எதையெல்லாம் பார்க்க வேண்டும், வேண்டும் என்றால் எப்படி வாங்க வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன்.

முதல் போனின் வலிமைக்கு வட கேரளக் கடற்கரை நல்ல சான்று. 1997 முதல் 2001 வரையிலான ஆண்டுகளில் அந்தப் பகுதிக்குச் செல்போன் சேவை படிப்படியாக வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு மத்தி பிடித்துவரும் படகுகள் தங்கள் ஊர்க் கரைக்கே திரும்பும். அங்கே வரத்து மிகுந்துவிட்டால் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்ட வேண்டியிருக்கும். அதே நேரத்தில் சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருப்பார்கள். போன் வந்த பிறகு, கரை சேர்வதற்கு முன்பே கடலிலிருந்து நாலைந்து இடங்களின் விலையைக் கேட்டறிந்து எங்கே மீனை இறக்குவது என்று மீனவர்கள் முடிவு செய்தார்கள். பொருளியல் ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மீன் வீணாவது ஏறத்தாழ நின்றுபோனது, மீனவர்களின் லாபம் சராசரியாக 8 சதவீதம் உயர்ந்தது, நுகர்வோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. அந்த மீனவர்கள் வைத்திருந்தவை பேசுவதற்கு மட்டுமே பயன்பட்ட சாதாரண போன்கள் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். பிழைப்பை மாற்றியது, கேட்க வேண்டிய நேரத்தில் கேட்க முடிந்தது என்பதுதான்.

முதலில் வேலைகளை எழுதுங்கள்

போன் வாங்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே கேமரா எத்தனை மெகாபிக்சல், ரேம் எவ்வளவு என்று பேச்சு போய்விடுகிறது. அதை ஒதுக்கிவிட்டு, ஒரு வாரத்துக்கு உங்கள் போன் என்னென்ன வேலை செய்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிவாருங்கள். மாலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுதினால் போதும். வங்கி ஓடிபி வந்தது, ஜிபேயில் பால்காரருக்குப் பணம் போட்டது, பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் பார்த்தது, டாக்டரிடம் நேரம் வாங்கியது, ஊரிலிருக்கும் அம்மாவுடன் வீடியோவில் பேசியது, இரவு படுக்கும்போது ரீல்ஸ் பார்த்தது என எல்லாவற்றையும் எழுதுங்கள்.

வாரக் கடைசியில் ஒவ்வொரு வேலைக்கு எதிரிலும் ஒரு கேள்வியை வையுங்கள்: இந்தப் போன் நாளைக்கு நின்றுவிட்டால் இந்த வேலை என்ன ஆகும்? சில வேலைகள் அடியோடு நின்று போகும். அவற்றோடு வருமானமும் நிற்கும். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருப்பவருக்கும் வாடகைக் கார் ஓட்டுபவருக்கும் ஆர்டர் வருவதே போனில்தான். சில வேலைகளுக்கு மாற்று வழி இருக்கும், கொஞ்சம் அலைச்சல் கூடும், அவ்வளவுதான். மீதமுள்ளவை பொழுதுபோக்கு. பொழுதுபோக்கைக் குறைத்து மதிப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தனியாக இருக்கும் முதியவருக்குப் பழைய பாட்டுக் கேட்பது பெரிய ஆறுதல். ஆனால், எதற்காகப் பணம் செலவாகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இப்படி எழுதிப் பார்க்கும் பலருக்கு ஓர் உண்மை புலப்படும். அவர்கள் வாழ்க்கையில் மிக முக்கியமான வேலைகள் போனைவிட அதிலிருக்கும் எண்ணையே நம்பி இருக்கின்றன. ஆதார், வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை, சமையல் எரிவாயு முன்பதிவு, மகளிர் உரிமைத் தொகை வந்து சேர்ந்ததைச் சொல்லும் குறுஞ்செய்தி ஆகிய எல்லாமே எண்ணோடு பிணைந்தவை. எனவே போனை மாற்றுவதைப் பற்றி யோசிக்கும் அக்கறையில் பாதியையாவது எண்ணைக் காப்பாற்றுவதில் காட்டுங்கள். அப்பாவின் பழைய பட்டன் போனில் கிடக்கும் சிம்முக்குத்தான் ஓய்வூதியக் கணக்கின் ஓடிபி வருகிறது என்றால், அந்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். பயன்படாத எண் துண்டிக்கப்பட்டு, சில காலம் கழித்து முன்பின் அறியாத ஒருவருக்கு ஒதுக்கப்பட்டுவிடும். பிறகு ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கி எண்ணை மாற்ற வேண்டியிருக்கும்.

போன் மெதுவாகிவிட்டது என்றால் எது மெதுவாகிவிட்டது?

புதிய போன் வாங்கக் காரணம் கேட்டால் பெரும்பாலோர் இரண்டைச் சொல்கிறார்கள்: சார்ஜ் நிற்பதில்லை, போன் ஹேங் ஆகிறது. இரண்டையும் சரிசெய்யப் பல நேரங்களில் புதிய போன் விலையில் ஒரு சிறு பங்கே போதும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் இவற்றைச் சோதியுங்கள்.

பேட்டரியிலிருந்து தொடங்கலாம். செல்போனில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரி தேய்ந்து தீரும் பொருள். ஒவ்வொரு முறை முழுதாகச் சார்ஜ் ஆகித் தீரும்போதும் அது பிடித்து வைக்கும் மின்சாரத்தின் அளவு சிறிது குறைகிறது. ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முறை சார்ஜ் செய்த பிறகு பேட்டரி தன் திறனில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும் வகையில் வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. ஐபோன் 15 முதல் அது 1000 முறை. நாளொன்றுக்கு ஒரு முறை முழு சார்ஜ் என்று வைத்துக்கொண்டால், 500 முறை என்பது ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. ஆக, இரண்டாம் ஆண்டின் இறுதியில் மாலை ஐந்து மணிக்கே போன் சார்ஜ் கேட்கிறது என்றால் தேய்ந்திருப்பது பேட்டரி மட்டுமே. உள்ளே இருக்கும் சிப்பும் திரையும் அன்று வாங்கியபடியேதான் இருக்கின்றன.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. பழைய பேட்டரி உள்ள ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாமல் இருக்க அவற்றின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பியதால், 2018-ஆம் ஆண்டு முழுவதும் பேட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பேட்டரியை மாற்றியவர்களின் போன்கள் பழைய வேகத்துக்குத் திரும்பின. 2019 ஜனவரியில், ஐபோன் விற்பனை எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததற்கான காரணங்களைப் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் அப்போது ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த டிம் குக் விளக்கினார். மலிவு விலையில் பேட்டரி மாற்றிக்கொண்டவர்கள் புதிய போன் வாங்கவில்லை என்பதும் அந்தக் காரணங்களில் ஒன்று. அடுத்த போனுக்கான ஏக்கம் என்று நாம் எண்ணுவதில் எவ்வளவு பங்கு தேய்ந்த பேட்டரியால் வந்த எரிச்சல் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

ஐபோனில் அமைப்புகள் பகுதிக்குப் போய்ப் பேட்டரி என்பதைத் திறந்தால் அதன் திறன் எத்தனை சதவீதம் என்று தெரியும். 80-க்குக் கீழே போயிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு போன்களில் இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சாம்சங்கில் அந்நிறுவனத்தின் மெம்பர்ஸ் செயலியிலேயே பேட்டரியைச் சோதிக்கும் வசதி இருக்கிறது. எண் எதுவும் காட்டாத போனாக இருந்தால், 30 சதவீதம் இருக்கும்போதே திடீரென அணைகிறதா, கேமராவைத் திறந்ததும் சார்ஜ் சட்டென்று சரிகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் பேட்டரி தேய்ந்ததன் அடையாளங்கள். பின்பக்க மூடி உப்பியிருந்தாலோ, திரை ஓரத்தில் எழும்பியிருந்தாலோ தாமதிக்கவே கூடாது. அந்தப் போனை அணைத்து, சார்ஜில் போடாமல், அன்றே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தினாலோ அழுத்தினாலோ தீப்பிடிக்கக்கூடும்.

சார்ஜ் ஏறவில்லை என்ற புகார் பல நேரங்களில் சார்ஜ் போடும் துளையில் அடைந்திருக்கும் சட்டைப் பையின் பஞ்சால் வருவது. போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குத்தும் குச்சியால் மெதுவாக வெளியே எடுத்துப் பாருங்கள். ஊசி, குண்டூசி வேண்டாம்.

அடுத்தது ஸ்டோரேஜ். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு வாடிக்கையாளர்கள் ரவிக்கை மாடல்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவார்கள். ஒரு நாள் அந்தப் படங்கள் திறக்கவே இல்லை; வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "போன் போயிடுச்சு போல தம்பி, தீபாவளித் தையல் நேரத்துல புதுசு வாங்கணுமே" என்று கலங்கிப்போனார். வாட்ஸ்அப் அமைப்புகளில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்பதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்பதைத் திறந்தோம். உறவினர் குழு ஒன்றும் கோயில் குழு ஒன்றும் போனின் பெரும்பகுதியை விழுங்கியிருந்தன: பூங்கொத்துடன் காலை வணக்கம், ஒரே வீடியோ பல குழுக்களிலிருந்து பல தடவை, யாரோ அனுப்பிய திருமண அழைப்பிதழ்கள். வேண்டிய குடும்பப் படங்களை மட்டும் அவர் விரலால் தொட்டுத் தொட்டு ஒதுக்கிவைக்க, மற்றவற்றை நீக்கினோம். பிறகு படங்களும் வீடியோக்களும் தாமாக இறங்காதபடி அதே பகுதியில் நிறுத்திவைத்தோம். போனை ஒரு முறை அணைத்துப் போட்டதும் ரவிக்கைப் படங்கள் வரிசையாக இறங்கின. தீபாவளிக்கு அவர் புதிய போன் வாங்கவில்லை. அந்தப் பணம் தையல் இயந்திரத்துக்கு மோட்டார் பொருத்தப் போனது.

நினைவகத்தில் குறைந்தது பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முழுவதும் நிரம்பிய போன் எந்த மாடலாக இருந்தாலும் தடுமாறும்.

உண்மையிலேயே மாற்ற வேண்டிய நேரம்

இவ்வளவும் செய்த பிறகும் மாற்ற வேண்டிய போன்கள் உண்டு. அதைச் சொல்லாமல் "பழையதையே வைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் அறிவுரை சொல்வது பொறுப்பாகாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் பாதுகாப்பு. அமைப்புகளில் 'அபவுட் போன்' பகுதிக்குள் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால், பாதுகாப்புப் புதுப்பிப்பு கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்று இருக்கும். அந்தத் தேதி இரண்டு, மூன்று ஆண்டுகள் பழையதாக இருந்து, புதிய புதுப்பிப்பும் வரவில்லை என்றால், அந்தப் போனை நிறுவனம் கைவிட்டுவிட்டது என்று பொருள். அதன் பிறகு கண்டறியப்படும் ஓட்டைகள் அந்தப் போனில் அடைபடாமலே இருக்கும். பாட்டுக் கேட்க, படம் பார்க்க அதை வைத்துக்கொள்ளலாம். வங்கிச் செயலியும் யுபிஐயும் அதில் இருக்கக் கூடாது. சேமிப்பெல்லாம் ஒரே கணக்கில் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய விஷயம் இல்லை.

செயலிகள் இயங்காமல் போவது அடுத்த காரணம். ஆனால் இது கடைக்காரர் சொல்லும் அளவுக்கு விரைவாக நடப்பதில்லை. வாட்ஸ்அப் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பைக் கைவிட்டது. 2014-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 5 அதற்குப் பிறகும் ஏற்கப்பட்டது. ஐபோனில் 2025 மே மாதம் முதல் அதன் இயங்குதளமான ஐஓஎஸ் 15.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவைப்பட்டது. வங்கிச் செயலிகள் இதைவிடச் சற்றுக் கண்டிப்பானவை. உங்கள் வங்கியின் செயலி 'இந்தப் போனில் இனி இயங்காது' என்று அறிவித்தால் அதை மெய்யான காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

5ஜி ஒரு காரணமா என்று பலர் கேட்கிறார்கள். இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. அதன் பிறகும் 4ஜி போன்கள் வழக்கம்போல் இயங்கிவருகின்றன. யுபிஐ, வாட்ஸ்அப், வரைபடம், வீடியோ அழைப்பு எதற்கும் 4ஜியின் வேகம் தாராளமாகப் போதும். எப்படியும் புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் 5ஜி போனாக வாங்குங்கள், நீண்ட நாள் பயன்படும். அதற்காகவே நல்ல 4ஜி போனைக் கழிக்க வேண்டாம்.

உடைந்த திரைக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். பழுதுபார்க்கும் செலவு, அதே தரத்தில் இன்று வாங்கக்கூடிய போனின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்து, பாதுகாப்புப் புதுப்பிப்பும் இன்னும் இரண்டு ஆண்டுகளாவது வருமென்றால் பழுதுபார்ப்பதே மேல். பாதியைத் தாண்டினால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். சர்வீஸ் சென்டரில் ஒரு விலையும், சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இன்னொரு விலையும் சொல்வார்கள். வெளிக்கடையில் கொடுப்பதானால் டிஸ்ப்ளே ஒரிஜினலா, கழற்றியெடுத்ததா, காப்பியா என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் மூன்றுக்கும் தனித்தனி விலை சொல்லி, வித்தியாசத்தையும் விளக்குவார். அதைச் சொல்லத் தயங்குபவரிடம் போனைக் கொடுக்காதீர்கள்.

ஆசையை ஆசை என்றே ஏற்றுக்கொள்வது

புதிய போன் வேண்டும் என்ற விருப்பத்துக்குப் பின்னால் எப்போதும் வேலை மட்டுமே இருப்பதில்லை. கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் எடுத்து வைக்கும் பொருளாகப் போன் மாறிவிட்டது. கல்லூரியில் முதல் ஆண்டு சேர்ந்த பிள்ளை, தன் போனை மேசைக்கு அடியில் மறைத்து வைத்துக்கொள்வதைப் பெற்றோர் கேலி செய்யக் கூடாது. அந்த வயதில் அந்த வெட்கம் உண்மையானது. "எங்கள் காலத்தில் தெருக்கோடி எஸ்டிடி பூத்துதான்" என்று சொல்வதால் அது தீராது.

பிள்ளையை உட்காரவைத்து மேலே சொன்ன தாளை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். கட்டடக்கலை படிக்கும் பிள்ளைக்குத் திரையும் வேகமும் படிப்புக்கே தேவைப்படலாம். விடியோ எடுத்துத் தொகுப்பதைத் தொழிலாகக் கற்கும் இளைஞருக்கு நல்ல கேமரா முதலீடு. அப்படி எதுவும் இல்லாமல் விருப்பம் மட்டுமே என்றால், அதை விருப்பம் என்று இருவரும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, விருப்பத்துக்கான பணத்திலிருந்து வாங்குங்கள். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்திலோ பொங்கலுக்கு வந்த பணத்திலோ வாங்கும் போனில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. கடன் வாங்கி ஆசையை நிறைவேற்றும்போதுதான் கவலை தொடங்குகிறது, ஏனென்றால் ஆசை இரண்டு மாதத்தில் தணிந்துவிடும், தவணை பன்னிரண்டு மாதம் ஓடும்.

பணக் கணக்கு

போனின் விலையை ஒரே தொகையாகப் பார்க்காமல் மாதக் கணக்காக மாற்றிப் பாருங்கள். 18,000 ரூபாய் போனை இரண்டு ஆண்டு பயன்படுத்தினால் மாதம் 750 ரூபாய். நான்கு ஆண்டு பயன்படுத்தினால் 375. நடுவில் பேட்டரி மாற்ற 2,000 ரூபாய் செலவழித்தாலும் மாதத்துக்கு 42 ரூபாய்தான் கூடும். எனவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதற்கு எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்பது. கூகுள் தன் பிக்சல் 8 வரிசைக்கு 2023-லும், சாம்சங் தன் எஸ்24 வரிசைக்கு 2024-லும் ஏழாண்டுப் புதுப்பிப்பை உறுதியளித்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் அங்கு விற்பனைக்கு வரும் போன்களுக்கு நீண்ட காலப் புதுப்பிப்பையும், 800 முறை சார்ஜ் செய்த பின்னும் 80 சதவீதத் திறன் கொண்ட பேட்டரியையும் கட்டாயமாக்கியிருக்கிறது. மலிவு போன்களில் இந்தக் காலம் மாடலுக்கு மாடல் வேறுபடும் என்பதால், நிறுவனத்தின் இணையதளத்திலேயே பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்ற பெயரைக் கேட்டதும் வட்டியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கிரெடிட் கார்டில் 24,000 ரூபாய் போனை மாதம் 2,000 வீதம் பன்னிரண்டு தவணையில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வங்கியின் வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் என்றால், அந்தத் தவணைகளுக்குள் சுமார் 1,840 ரூபாய் வட்டியாக இருக்கும். அதற்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுவதால்தான் 'நோ காஸ்ட்' என்கிறார்கள். ஆனால் அந்த வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டி, ஏறத்தாழ 330 ரூபாய், உங்கள் தலையில் விழும். அதோடு பரிசீலனைக் கட்டணமும் சேரும். மொத்தப் பணத்தையும் ஒரே நேரத்தில் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியும் கைவிட்டுப் போகும். நிதி நிறுவனத்தில் கடனாக வாங்கினால், மொத்தச் செலவையும் ஆண்டு வட்டி விகிதத்தையும் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கடையில் நெரிசலாக இருக்கிறது என்று கூச்சப்பட வேண்டாம். ஒரு தவணை தவறினாலும் அது கடன் வரலாற்றில் பதிவாகி, நாளை வீட்டுக் கடனுக்குப் போகும்போது எதிரே வந்து நிற்கும்.

புதிய மாடல் வெளிவந்ததும் முந்தைய ஆண்டின் மாடல் விலை பொதுவாக இறங்கும். புதுப்பிப்புக் காலத்தில் ஓராண்டு குறையும் என்றாலும், பலருக்கு அதுவே சரியான தேர்வு.

வீட்டில் யாருக்கு?

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இந்தப் பகுதியைத்தான். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்த பெண்கள் இந்திய அளவில் 54 சதவீதம்தான். தமிழ்நாட்டில் நிலைமை மேலானது. ஏறத்தாழ நான்கில் மூவரிடம் இருந்தது. மீதமிருக்கும் அந்த ஒருவர் யாரோ எவரோ இல்லை. கணவரின் போனுக்கு ஓடிபி வருவதால் தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதையே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பெண் அவர். கொரோனா காலத்தில் வகுப்புகள் போனுக்கு இடம்பெயர்ந்தபோது, ஒரே போன் இருந்த வீடுகளில் அப்பா வேலைக்குப் போனதும் போனும் போய்விட்டது. கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பிய பாடங்களைப் பார்த்துச் சமாளித்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

ஆகவே வீட்டில் போனுக்கென்று ஒரு தொகை ஒதுக்கப்படும்போது, இரண்டாவது போனோ மூன்றாவது போனோ வாங்கப்போகும் ஒருவரின் வசதியைவிட, சொந்தமாகப் போன் இல்லாத ஒருவரின் தேவை முன்னால் நிற்க வேண்டும். அம்மாவுக்கு, அத்தைக்கு, வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு என்று யோசித்துப் பாருங்கள். அது விலையுயர்ந்த போனாக இருக்க வேண்டியதில்லை. பட்டன் போனே வசதியாக இருக்கிறது என்று சொல்லும் முதியவர்கள் மீது டச் போனைத் திணிக்கவும் வேண்டாம். 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட யுபிஐ 123பே மூலம் சாதாரணப் போனிலும் பணம் அனுப்ப முடியும். அந்த போனில் அவர் பெயரில் எடுத்த சிம் இருக்க வேண்டும், அவருடைய வங்கிக் கணக்கோடு அந்த எண் இணைந்திருக்க வேண்டும், ரீசார்ஜ் எப்போது முடிகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் அமைந்தால்தான் அது அவருடைய போன்.

நீங்கள் பயன்படுத்திய போனை அவருக்குக் கொடுப்பதாக இருந்தால் புதிய பேட்டரி போட்டு, பாதுகாப்புப் புதுப்பிப்பு இன்னும் வருகிறதா என்று பார்த்துக் கொடுங்கள். ஓடாத போனைத் தள்ளிவிட்டு 'அம்மாவுக்குப் போன் கொடுத்தாச்சு' என்று சொல்வது சரியில்லை.

பழையது வாங்கும்போது, மாற்றும்போது

செகண்ட் ஹேண்ட் போன் வாங்குவது நல்ல வழிதான், சோதித்து வாங்கினால். போனில் *#06# என்று அழுத்தினால், ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அதைப் பில்லிலும் பெட்டியிலும் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலோ செயலியிலோ அந்த எண்ணை இட்டு, திருட்டுப் போனாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் தன் கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ உங்கள் கண் முன்னால் நீக்கி, போனை முழுதாக அழித்துத் தர வேண்டும். கணக்கை நீக்காமல் அழித்த போன், திரும்ப இயக்கும்போது பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். பில் இல்லாத போன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

புதிய போனுக்கு மாறும் நாளை வார நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கியும் சர்வீஸ் சென்டரும் திறந்திருக்கும். வாட்ஸ்அப்பைக் காப்பு எடுத்த பிறகே சிம்மைக் கழற்றுங்கள். யுபிஐ செயலி புதிய போனில் சிம்மை வைத்துக் குறுஞ்செய்தி அனுப்பித் தன்னை மறுபடி பதிவுசெய்துகொள்ளும். அதற்குச் சிம்மில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியுள்ள ரீசார்ஜ் இருக்க வேண்டும். புதிய போனில் முதல் சில நாள்களுக்கு யுபிஐயில் பெரிய தொகை அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்திருப்பார்கள் என்பதால், கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நாளுக்கு முந்தைய தினம் போனை மாற்றாதீர்கள்.

பழைய போனை இரண்டு வாரம் அழிக்காமல் வைத்திருங்கள். விட்டுப்போன படங்களும், ஏதோ ஒரு செயலியின் கடவுச்சொல்லும் அந்தக் காலத்துக்குள் நினைவுக்கு வந்துவிடும். அதன் பிறகு கணக்குகளை நீக்கி, முழுதாக அழித்து, ஓடும் நிலையில் இருந்தால் தேவைப்படுபவரிடம் கொடுங்கள். ஓடாத போனைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். மின்னணுக் கழிவுக்கான 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன; மறுசுழற்சிக்கான பொறுப்பை அவை உற்பத்தியாளர்கள் மீது சுமத்தியிருக்கின்றன. பழைய போனை எங்கே ஒப்படைப்பது என்று அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் கொடுக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.